ஐயத்திற்கு இடமற்ற நிரூபணம் (மலேசியக் கொலை வழக்குகள்)

கொலைக்குற்றத்தை மெய்ப்பிக்கும் சட்ட அளவுகோல். பினாங்கு மாநிலக் கொலை வழக்குகளை ஜார்ஜ் டவுனிலுள்ள உயர் நீதிமன்றம் விசாரிக்கிறது. 1995-இல் ஜூரி முறை ஒழிக்கப்பட்டதால் தீர்ப்பு நீதிபதியுடையதே.

விசாரணைக்கு இரு கட்டங்கள் உண்டு. முதலில் அரசுத் தரப்பு முகாந்திரத்தை நிறுவ வேண்டும் (குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 180), தவறினால் விடுதலை. நிறுவினால், எதிர்த்தரப்பு வாதத்துக்குப் பின் எல்லாச் சான்றுகளையும் எடைபோட்டு, நியாயமான ஐயம் எஞ்சுகிறதா என நீதிபதி முடிவெடுப்பார் (182அ).

குற்றஞ்சாட்டப்பட்டவர் தரும் விளக்கத்தை நீதிமன்றம் நம்பாவிடினும், அது நியாயமான ஐயத்தை எழுப்பினாலே விடுதலை என்பதை மாட் வழக்கு (1963) தெளிவாக்கியது. நேரடிச் சாட்சி கட்டாயமன்று. சூழ்நிலைச் சான்றுகள் குற்றத்தை மட்டுமே சுட்டினால் போதும்.

தண்டனைச் சட்டப் பிரிவு 302-இன் கட்டாய மரணதண்டனை 2023-இல் நீக்கப்பட்டது. இப்போது மரணதண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறையுடன் பிரம்படி.