பவளத்தொட்டிப் புழுக்கள்

கடல்நீர்க் கண்ணாடித் தொட்டிகளில், பவளத்தோடும் பாறைத் துண்டுகளோடும் ஒட்டிக்கொண்டு அழையாமலே குடிபுகும் புழுவினங்கள் இப்பெயரால் வழங்கும். இவற்றுட் பெரும்பாலானவை பாலிக்கீட்டா என்னும் முட்புழு வர்க்கத்தைச் சார்ந்தவை. மும்பையின் மான்குர்த்தை அடுத்துள்ள தாணே கழியின் சேற்றில் மக்கியதைத் தின்று, கரைப்பறவைகளுக்கு இரையாகி, எவர் கவனத்துக்கும் வாராமல் வாழும் இவ்வர்க்கத்துப் பிராணி, அவ்வூர்க் குடித்தனம் ஒன்றின் கூடத்துத் தொட்டியில் தலைகாட்டியதும் வீடே பீதியுறுவது சற்று விசித்திரமே. ஏனெனில் எஞ்சிய இரையைத் தின்று பாறை இடுக்குகளைச் சுத்தம் செய்வதில் அதற்கு நிகரான பணியாளன் அத்தொட்டியில் அரிது.

ஆகவே ஒழிப்பதற்கு முன் இனங்காண்டல் அவசியம். விளக்கணைத்து ஒருமணி நேரம் சென்றபின் செந்நிற ஒளியில் நோக்கினால், மெல்லிய உடலும் அடங்கிய முட்களும் உடையது நிரபராதி எனலாம். தடித்த இளஞ்சிவப்பு உடலின் இருமருங்கும் வெண்பஞ்சு போன்ற முட்கற்றைகள் அடர்ந்தது தீப்புழு. சுண்ணாம்பாலான அம்முட்கள் விரலில் ஒடிந்து தங்கிக் கடும் எரிச்சல் தருமாதலால், தேய்க்காமல் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தெடுத்தலே உபாயம். தலையில் ஐந்து உணரிழைகளும் கூரிய தாடைகளும் கொண்டு வானவில் மினுக்குடன் மறைந்திருக்கும் யூனிசு என்பதே மெய்யான சத்துரு. இங்கிலாந்தின் நியூக்வே மீன்காட்சியகத்தில் பவளங்கள் அறுபட்டு மீன்களும் காயமுற்று வந்தபோது, 2009இல் பாறைகளைப் பிரித்துப் பார்த்ததில் நான்கடி நீளமுள்ள யூனிசு ஒன்று வெளிப்பட்டது. தட்டைப்புழுக்கள் வேறு இனம்: துருச்சிவப்பும் பிளந்த வாலும் உடையவை பவளத்தின் மேற் படர்ந்து ஒளியை மறைக்கும், அக்ரோபோரா என்னும் பவளத்தை உண்பதோ அதன் நிறத்தையே பூண்டிருத்தலால், வெண்மையான கடித்தழும்புகளைக் கொண்டே அறியப்படும்.

தீப்புழு துண்டுபட்டால் துண்டங்களும் தனிப்புழுக்களாக வளரவல்லவை. ஆதலின் நசுக்குதல் பெருக்குதலே ஆகும். இறால் துண்டிட்ட குழாய்ப்பொறியை இரவில் வைத்து எடுப்பதும், ஆறுகோட்டு ராஸ் மீனை வளர்ப்பதும் நலம். சிவந்த தட்டைப்புழு கூட்டமாக மடிகையில் விஷம் கசியுமாதலால், இயன்றவரை குழாயால் உறிஞ்சி அகற்றியபின்னரே மருந்திட்டு, உடனே நீரை மாற்றிக் கரி வைத்தல் வேண்டும். முட்புழு மிகுவதற்கு முதற்காரணம் மிகையான தீனியே. அதைக் குறைக்காதவர்க்குப் பொறியும் மீனும் வீண்.

பாறைப்பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டமையால், மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்த பவளக்கல்லை வாங்குதல் குற்றம். உலர்ந்த செயற்கைப் பாறையில் புழு வருவதில்லை. தொட்டி தொடங்குவோர் அதனையே கொள்க.