கொட்டாய்க்காடு

எங்க ஊர்ல ஒரு நிலத்துக்குக் கொட்டாய்க்காடுன்னு பேரு. பத்திரத்துல தேடினா இந்தப் பேர் கிடைக்காது, சர்வே நம்பர் மட்டும்தான் இருக்கும். டவுன்லேர்ந்து வர்றவங்க, மாட்டுக்கொட்டாய் இருந்த இடமாக்கும்னு நெனச்சுக்குவாங்க. அங்க இருந்தது சினிமாக் கொட்டாய்ங்க. இப்போ தென்னை நிக்குது. போன வாரம் வட்டப்பாத்தி வெட்டறப்போ மம்முட்டியில ஒரு கலர் பாட்டில் மூடி மாட்டுச்சு. துரு ஏறிப்போய் என்ன கலர்னு தெரியலை. யார்கிட்டயாவது காட்டணும்னு கை பரபரத்துச்சு. காட்ட வேண்டிய ஆள் இல்லை.

டென்ட் கொட்டாய் கதையில எங்க கோயம்புத்தூர்ப் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட், கோவைக்காரர். திருச்சியில ரயில்வே உத்தியோகம். 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படம் காட்டற மெசினையும் ஊமைப்படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். உத்தியோகத்தை விட்டுட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய்ப் படம் காட்டினார். 1914ல கோவையில வெரைட்டி ஹால்னு நிலையான தியேட்டரே கட்டிட்டார். பின்னாடி டிலைட் தியேட்டர்னு பேர் வாங்கினது அதுதான். அந்த ரோட்டுக்கு இன்னமும் வெரைட்டி ஹால் ரோடுன்னுதான் பேரு. 1931ல 'காளிதாஸ்' வந்து படம் பேச ஆரம்பிச்சதுக்கப்புறம், கூடாரங்களும் பேசிக்கிட்டே பட்டிதொட்டியெல்லாம் போச்சு.

எங்க காட்டுக்கு அது வந்தது நான் சின்னப் பையனா இருக்கறப்போ. மேல கீத்து, கீழ மணல், நடுவுல பொம்பளைங்களுக்கும் ஆம்பளைங்களுக்கும் ஒரு குட்டைச் சுவர். சாயங்காலம் சீர்காழி கோவிந்தராஜன் குரல்ல பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில வந்தா, ஊர்ல அடுப்பெல்லாம் அவசர அவசரமா அணையும். புரொஜக்டர் ஒண்ணே ஒண்ணுதான். ரீல் மாத்தறதுக்காக ஒரு படத்துக்கு மூணு இடைவேளை விடுவாங்க. படத்தை விட இடைவேளையில நாங்க பேசினதுதான் ஜாஸ்தி.

நாங்கன்னா நானும் என் சேத்தாளியும். எனக்குக் கிணறும் மோட்டாரும் இருந்துச்சு. அவனுக்கு ஒண்ணரை ஏக்கர் மானாவாரி, மழையைப் பார்த்துத்தான் பொழப்பு. செகண்ட் ஷோ முடிஞ்சு நேரா எங்க காட்டுக்குப் போவோம். அப்பல்லாம் ராத்திரிதான் கரண்டு. நான் மோட்டார் போட, அவன் மடை மாத்துவான். விடியற வரைக்கும் சண்டை. அவன் எம்.ஜி.ஆர்., நான் சிவாஜி. ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்சது 1954ல வந்த 'கூண்டுக்கிளி' ஒண்ணுதான். அது சரியா ஓடலை. "உங்காளு கூட சேர்ந்ததுனாலதான் ஓடலை"ன்னு நாங்க மாத்தி மாத்திச் சொல்லிக்குவோம்.

1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். போயிட்டார். மறுநாள் காலையில இவன் மொட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னான். நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏன்டா, ஒரு நடிகனுக்கு மொட்டையா? உன்னைப் பெத்த அப்பனா அவரு?"ன்னு கேட்டு, நாலு பேர் முன்னாடி சிரிச்சுட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசலை. துண்டை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டுப் போயிட்டான். ரெண்டு வருசம் என் வரப்பை மிதிக்கலை.

அது எனக்குப் புரியறதுக்கு ரொம்ப நாள் ஆச்சுங்க. 1982ல சத்துணவு வந்தப்போ, அவன் புள்ளைங்க ரெண்டும் அதைச் சாப்பிட்டுத்தான் பள்ளிக்கூடம் போச்சுங்க. மழை ஏமாத்தின வருசத்துலயும் மத்தியானம் ஒரு வேளைச் சோறு நிச்சயம். எங்க வீட்ல சோத்துக்குப் பஞ்சமில்லை, அதனால எனக்கு அவர் நடிகராவே இருந்துட்டார். அவன் மொட்டை போட்டது திரையில பார்த்த ஆளுக்கு மட்டும் இல்லை.

அப்புறம் எங்கப்பா காரியத்துக்கு அவனா வந்து பாடைக்குத் தோள் கொடுத்தான். மறுபடி பேச ஆரம்பிச்சோம். ஆனா அந்த மொட்டைப் பேச்சை அவனும் எடுக்கலை, நானும் எடுக்கலை.

அதுக்குள்ள கொட்டாயும் போயிடுச்சு. வாடகைக்கு டெக் எடுத்துப் படம் போட ஆரம்பிச்சாங்க, அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி. ஒரு வருசம் கீத்து மாத்தலை, மறு வருசம் கொட்டாயே இல்லை. யாரும் அழலை. அது போனதையே நாங்க கொஞ்ச நாள் கழிச்சுத்தான் கவனிச்சோம்.

2001 ஜூலை 21 ராத்திரி, சிவாஜி போயிட்டார்னு டிவியில சொன்னாங்க. நான் திண்ணையில உக்காந்திருந்தேன். பத்து மணி வாக்குல சைக்கிள் சத்தம். அவன்தான். கையில கடலைப் பொட்டலம். எதுவும் சொல்லலை, பக்கத்துல உக்காந்து பொட்டலத்தைப் பிரிச்சு நடுவுல வெச்சான். ரொம்ப நேரம் கழிச்சு, "உனக்குத் தாங்காதுன்னு தெரியும்டா"ன்னான். அன்னைக்காவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கணும். கடலையைத் தின்னுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

போன புரட்டாசியில அவன் போயிட்டான். ரெண்டு மாசம் படுக்கையில கிடந்தான், தினமும் போய்ப் பார்த்தேன். மழை, மாடு, தேங்காய் விலை எல்லாம் பேசினோம். அந்த ஒரு பேச்சு மட்டும் தொண்டையிலயே நின்னுடுச்சு.

சுடுகாட்டுல அவன் மகனுக்கு மொட்டை அடிச்சு முடிச்சதும், அடுத்து நான் போய் உக்காந்தேன். கத்தி வெக்கறவர் தயங்கினார். பக்கத்துல நின்ன பெரியவர், "நீங்க பங்காளி இல்லையே, எந்த முறைக்குங்க மொட்டை?"ன்னு கேட்டார்.

"கொட்டாய் முறைங்க"ன்னேன்.

அவருக்கு எழுபது வயசு இருக்கும். தலையை ஆட்டிட்டு, தண்ணிச் சொம்பை எடுத்துக் கொடுத்தார்.