மருத்துவச்சி போன பிறகு: ஓசூர் எல்லைப்பகுதியில் பிரசவத் துணையின் வரலாறு

2004ஆம் ஆண்டு பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதே ஆண்டில்தான், அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் கர்ப்பிணியோடு உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்னும் பிரசவத் துணைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. நடுவண் அரசு இதே நோக்கில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது 2016இல். உலக சுகாதார நிறுவனம் தன் பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் இதை வலியுறுத்தியது 2018இல். இவ்வளவு முன்னதாக வந்த திட்டம் என்பதில் பெருமைப்பட நியாயம் உண்டு. ஆனால் அது ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: வலி எடுத்த பெண்ணுக்கு அருகில் அம்மாவோ அக்காவோ அத்தையோ இருப்பார் என்பதே அது. அந்த அனுமானம் முதலில் உடையும் இடங்களில், இந்த மாவட்டத்தின் கர்நாடக எல்லையில் இருக்கும் ஓசூர் ஒன்று. ஆகவே துணையை உறவின் பொறுப்பில் விட்டுவிடாமல், ஊதியத்துடன் கூடிய பொதுச் சுகாதாரப் பணியாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இந்த மண்ணில் பிரசவம் பார்த்தவளுக்கு மூன்று பெயர்கள்: தமிழில் மருத்துவச்சி, தெலுங்கில் மந்திரசானி, கன்னடத்தில் சூலகித்தி. எல்லைக்கு அப்பால், துமகூரு மாவட்டத்துப் பாவகடா வட்டாரத்தைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டதை இங்கே நினைக்கலாம். இந்தப் பெண்கள் செய்தது ஒரு வேலை அல்ல, இரண்டு. குழந்தையை ஏந்துவதும் தொப்புள்கொடி அறுப்பதும் ஒன்று. வலி தொடங்கியதிலிருந்து கூடவே இருந்து, இடுப்பைத் தேய்த்து, வெந்நீர் கொடுத்து, நடக்கவைத்து, பயந்தவளிடம் பேசிக்கொண்டே இருப்பது மற்றொன்று. பிரசவம் வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நகர்ந்தபோது முதல் வேலை பயிற்சி பெற்ற செவிலியரிடம் போனது. அது சரியான மாற்றம். ரத்தப்போக்கும் வலிப்பும் குழந்தை குறுக்கே கிடப்பதும் தாயைக் கொன்ற காலத்தை யாரும் ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பெண்சிசுக் கொலைக்காகப் பேசப்பட்ட பழைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியே இது என்பதையும் மறைக்க முடியாது. அந்தக் கொடுமையில் சில இடங்களில் மருத்துவச்சியின் கையும் இருந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018–20இல் பேறுகாலத் தாய் இறப்பு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 ஆக இருந்தது. கேள்வி இரண்டாவது வேலையைப் பற்றியது. அதை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. ஒரே இரவில் பல பிரசவங்களைக் கவனிக்கும் செவிலியர், ஒருத்தியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

அந்த வேலைக்கு மருத்துவப் பயன் உண்டா, அது வெறும் ஆறுதல்தானா என்ற ஐயத்துக்குக் குவாத்தமாலாவிலிருந்து ஒரு விடை வந்தது. சோசா, கென்னல், கிளாஸ் ஆகியோர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், துணையின்றிப் பிரசவித்தவர்களுக்கு வலி சராசரியாக 19 மணி நேரம் நீடித்தது. துணை இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்கும் குறைவு. சிறிய ஆய்வுதான், அதை மட்டும் வைத்துக் கொள்கை வகுக்க முடியாது. ஆனால் அதில் துணையாக இருந்தவர் உறவினர் அல்ல, மருத்துவப் பயிற்சி பெற்றவரும் அல்ல. அதுவரை முகம் தெரியாத ஒரு பெண் என்பது கவனத்துக்குரியது. மானிடவியலாளர் டானா ராஃபேல் 1973இல் எழுதிய நூலின் வழியே வந்த 'டூலா' என்ற கிரேக்கச் சொல் பின்னர் இத்தகைய துணைக்குப் பெயராகப் பரவியது. 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 நாடுகளின் 26 ஆய்வுகளை, 15,000க்கு மேற்பட்ட பெண்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. தொடர்ந்து துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, வலி நேரம் குறைகிறது, அறுவைசிகிச்சை குறைகிறது என்று கண்டது. அறுவைசிகிச்சை தெளிவாகக் குறைந்தது, துணையாக இருந்தவர் மருத்துவமனை ஊழியராகவோ உறவினராகவோ இல்லாமல் அந்த வேலைக்கென்றே வந்தவராக இருந்த இடங்களில்தான். அதே 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவைசிகிச்சையில் முடிந்தன என்பதோடு சேர்த்து இதைப் படிக்க வேண்டும்.

முதலில் சொன்ன அனுமானம் ஓசூரில் உடைவது இப்படித்தான். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று ஓசூர் வளர்ந்தது, 2019இல் மாநகராட்சியானது. தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் ரோஜாப் பசுமைக்குடில்களுக்கும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், வருகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்தில் அழைத்துப்போவது சடங்காக மட்டும் இருந்ததில்லை, பிரசவத் துணைக்கான ஏற்பாடாகவும் இருந்தது. தாய்வீடு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தால்? ஒற்றை அறை வாடகை வீட்டில் கணவன் இரவு ஷிப்டுக்குப் போயிருக்க, உள்ளூர் மொழி தெரியாமல் வார்டுக்கு வரும் பெண்ணுக்கு 2004இன் திட்டம் தாளில்தான் இருக்கிறது. 'முக்கு' என்ற சொல்லே புரியாதவளை அவசரத்தில் அதட்டுவதும் எளிதாக நேர்ந்துவிடும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு மொழி அந்நியமில்லை; ஆனாலும் ஊர் தூரம், கூட வருபவரின் கூலி இழப்பு ஆகியவை அதே தனிமையைத்தான் தருகின்றன.

மறுப்புகள் உண்டு. முதலாவது, நெரிசலும் தொற்றும். நடுவண் அரசின் 2016 அறிவுறுத்தலே இதற்கு வரையறை செய்திருக்கிறது: துணைக்கு வருபவர் தொற்றுநோய் இல்லாதவராக, சுத்தமான உடையில் இருக்க வேண்டும், சிகிச்சையில் தலையிடக் கூடாது. பயிற்சி பெற்ற ஒருவரிடம் இதைக் கடைப்பிடிக்கச் சொல்வது, பதற்றத்தில் இருக்கும் உறவினரிடம் சொல்வதைவிட எளிது. இரண்டாவது மறுப்பு வலுவானது: அறுவைசிகிச்சை பெருகியதற்குத் தனியார் மருத்துவமனைகளின் வருவாயும் நேர வசதியும் காரணம் என்றால், துணை என்ன செய்துவிடும்? பெருமளவு உண்மை. ஆனால் வலி தாங்காமல் 'ஆபரேஷன் பண்ணிடுங்க' என்று பெண்ணோ குடும்பமோ கெஞ்சும் பிரசவங்களும் உண்டு. துணையால் மாற்றக்கூடியவை அவை. மூன்றாவதாக, டூலா என்பது வசதிபடைத்தவர்களின் விருப்பம் என்பார்கள். இன்று பெங்களூரிலும் சென்னையிலும் கட்டணம் கொடுப்பவர்க்கே அது கிடைக்கிறது என்பதால் அப்படித் தோன்றுகிறது. குவாத்தமாலாவில் அது ஏழைப் பெண்கள் வரும் பொது மருத்துவமனையில் சோதிக்கப்பட்டது. தேவை மிகுதியாக இருப்பதும் அத்தகைய இடத்தில்தான்.

இதற்குப் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிவைக்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி தந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடுவீடாக அனுப்பிய திட்டம் அது. அதே முறையில், பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண்களை ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனைகளுக்கு ஷிப்டு அடிப்படையில் ஊதியத்துடன் நியமிக்கலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுபவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். இந்தியும் ஒடியாவும் பேசுபவர்களைப் புலம்பெயர்ந்த குடும்பங்களிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம். கர்ப்பிணி பதிவு செய்யும் நாளிலேயே 'பிரசவத்தின்போது கூட யார் இருப்பார்?' என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், எத்தனை பேருக்கு யாருமில்லை என்ற கணக்கு மாவட்டத்தின் கையில் இருக்கும்.