சூலையிலிருந்து பசிக்கு: நடுநாட்டுச் சமயச் சிந்தனையில் துன்பம்

துன்பம் உயிரைப் பக்குவப்படுத்தும் என்ற எண்ணம் தமிழ்ச் சமயத்தில் தொன்றுதொட்டு ஒரே வடிவில் இருந்துவருவதாகவே பலரும் கருதுகிறார்கள். மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த திருக்கனூரிலிருந்து தெற்கு நோக்கிப் பார்த்தால் அது அவ்வளவு நேரான வரலாறு அல்ல என்பது புலப்படும். கெடிலக்கரையில் அப்பரின் திருவதிகை, பெண்ணைக்கரையில் மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூர், அவற்றுக்கும் தெற்கே வள்ளலாரின் வடலூர். 7, 13, 19ஆம் நூற்றாண்டுகளில் இம்மூன்று ஊர்களும் துன்பத்துக்கு வெவ்வேறு பொருள் தந்தன. தன் துன்பத்தைப் பொறுப்பதில் தொடங்கிய சிந்தனை, பிறர் துன்பத்தைப் பொறுக்க முடியாமையே ஆன்ம வளர்ச்சி என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருவாமூரில் மருள்நீக்கியார் என்ற பெயருடன் பிறந்த அப்பர் சமணத்தில் தருமசேனராக உயர்ந்து, இன்று கடலூரின் பகுதியாக உள்ள பாடலிபுத்திரத்தில் இருந்தவர். உண்ணாநோன்பும் தலைமயிர் பறித்தலும் அங்கே தாமே விரும்பி ஏற்ற துன்பங்கள். வினையை உதிர்க்கும் வழிகள். அவரைத் திருவதிகைக்குத் திருப்பியதோ விரும்பாமல் வந்த சூலை நோய். இங்கே சான்றுகளின் காலத்தைப் பிரித்தறிய வேண்டும். அதிகையில் அவர் பாடிய முதற்பதிகத்தில் வலியைப் போற்றும் குரலே இல்லை. செய்த கொடுமை எதுவெனத் தெரியவில்லை, தாங்க முடியவில்லை, நீக்கியருள வேண்டும் என்ற முறையீடுதான் இருக்கிறது. ஆட்கொள்வதற்காகச் சிவனே அச்சூலையைத் தந்தான் என்பது 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடம்தான் முழுக் கதையாக விரிகிறது. வலியில் துடித்தவரின் சொல்லுக்கும் அவர் வரலாற்றைப் பாடியவரின் சொல்லுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள். துன்பம் அருளின் கருவியாக வளர்ந்தது இந்த இடைவெளியில்தான்.

அந்த வளர்ச்சிக்குத் தத்துவ அமைப்புத் தந்தவை மெய்கண்டாரின் சிவஞானபோதமும் அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியாரும். பிள்ளையைத் திருத்தும் பெற்றோரின் கண்டிப்பைப் போன்றது இறைவன் தரும் தண்டனை என்கிறது சித்தியார். சைவ மரபு இதை மறக்கருணை என்று வழங்கும். எனினும் உயிரின் முதிர்ச்சிக்குச் சைவ சித்தாந்தம் காட்டிய அடையாளம் பட்ட துன்பத்தின் அளவன்று; இன்பதுன்பங்களை ஒன்றாகக் கொள்ளும் இருவினையொப்பு. துன்பத்தைத் துன்பத்துக்காகவே உயர்த்தியதாக இம்மரபின்மேல் சொல்லப்படும் குறை ஆகவே பொருந்தாது. ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாக்களின் தீமிதியை இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டலாம். ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வு, செஞ்சி வட்டாரத்தைத் திரௌபதி வழிபாட்டின் மையமாகக் கண்டது. திருக்கனூரும் அந்தப் பண்பாட்டு நிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் பாரதம் படித்து, காப்புக் கட்டி, விரதமிருந்து குழியில் இறங்குபவர் வேண்டுவது சுடுவதை அன்று. கால் சுடாமல் கரையேறுவதையே அம்மன் அருளின் அடையாளமாக அவர் கொள்கிறார்.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. துன்பம் வினைப்பயன் என்றால், பசித்தவனுக்குச் சோறிடுவது இறைவன் விதித்த தண்டனையில் குறுக்கிடுவது ஆகாதா? கஞ்சிக்கு வழியில்லாதவனை அவன் வினை என்று கடந்துபோக இக்கொள்கை இடம் தந்துவிடும் என்பதை மறுக்க முடியாது. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில் வள்ளலார் இந்தக் கேள்வியைத் தாமே எழுப்பிக்கொள்கிறார். விலங்கிட்டுச் சிறைவைத்த கொடிய குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கிறானே என்பது அவர் விடை. வினைக்கொள்கையை அவர் உதறவில்லை. அதன் பெயரால் கைகட்டி நிற்கும் உரிமையைத்தான் பறித்தார். உயிர்கள் படும் துன்பம் கண்டு உண்டாகும் உருக்கமே கடவுள் வழிபாடு என்றார். 1867 மே 23 அன்று வடலூர்த் தருமசாலையில் மூட்டிய அடுப்பு அந்த வாதத்தின் செயல்வடிவம். 1876-78 பெரும்பஞ்சம் வரும்முன்பே, 1874இல், அவர் மறைந்துவிட்டார்; ஆனால் அடுப்பு அணையவில்லை.

வள்ளலாரின் இந்த நிலையை மரபிலிருந்து முற்றிலும் விலகிய பாய்ச்சல் என்று கொள்வது பிழை. சேக்கிழாரின் கதையிலேயே இதன் வித்து இருக்கிறது. மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மடிந்ததும் உயிர்விடத் துணிந்த அப்பரின் தமக்கை திலகவதியார், தம்பிக்காக உயிர் தாங்கினார். தம்பி பிறகு சமணம் சேர்ந்தபோது, அவரை மீட்டருளும்படி அதிகை இறைவனிடம் வேண்டியவரும் அவரே. நோயும் முறையீடும் அப்பருடையவை என்றாலும், அக்கதையில் பிறர்பொருட்டுத் துயர் சுமந்து முதலில் பக்குவப்பட்டவர் அந்தத் தமக்கை. அப்பர் வரலாற்றைச் சூலையிலிருந்தே தொடங்கிப் படிக்கும் வழக்கம் திலகவதியாரை வெறும் முன்கதையாகச் சுருக்கிவிட்டது.