கோடியக்கரையில் வலசை உள்ளான்கள்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையாகிய கோடியக்கரையும், வேதாரண்யத்து உப்பளங்களை அடுத்துப் பரந்து கிடக்கும் சதுப்பு நிலமும், வடதுருவத்தை அடுத்த பிரதேசங்களில் குஞ்சு பொரித்துவிட்டுத் தென்திசை நோக்கிப் பெயரும் உள்ளான், உப்புக்கொத்தி முதலிய கரைப்பறவைகளுக்குப் புகலிடமாக விளங்குவன. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற இவ்விடத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல்லாண்டுகள் பறவைகளுக்குக் கால்வளையமிட்டு அவற்றின் சஞ்சாரத்தை ஆராய்ந்தனர்.

பூநாரைகளைக் காண ஜனங்கள் கூடுவது குளிர்காலத்திலேயாயினும், உள்ளான்களின் வாழ்க்கையை அறிய விரும்புவோர்க்கு ஆடிக் கடைசியும் ஆவணியுமே உத்தமமான காலம். ஏனெனில் வந்த பறவை எப்பருவத்தது என்பதை அதன் இறகே அப்போது சொல்லிவிடும். சைபீரியத் தூந்திர வெளியில் முட்டையிடும் வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் பேட்டின் பொறுப்பே. ஆகவே சேவல்கள் முந்திப் புறப்படுகின்றன, பேடுகள் பின்தொடர்கின்றன, அவ்வாண்டில் பிறந்த இளம்பறவைகளோ, வழிகாட்டத் தாயும் தந்தையும் இன்றியே, இயற்கை அளித்த உணர்வொன்றையே துணையாகக் கொண்டு கடைசியில் வந்து சேர்கின்றன. இதனினும் வியக்கத்தக்க யாத்திரையை நான் அறியேன். முதலில் வருவனவற்றின் மார்பில் இனப்பெருக்க காலத்துச் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக எஞ்சியிருக்கும். இளம்பறவையின் முதுகிலோ, ஒவ்வோர் இறகும் வெளிறிய விளிம்பு பெற்றிருத்தலால், மீன்செதில் அடுக்கியதுபோன்ற தோற்றம் காணப்படும். நாளடைவில் இவ்வேறுபாடு மங்கி, யாவும் சாம்பல் வண்ணத்தில் ஒன்றுபோல் ஆகிவிடும்.

இரை தேடும் முறையும் கவனிக்கத்தக்கது. பெரிய கண்களும் குட்டை அலகும் உடைய உப்புக்கொத்தி சிறிது ஓடி, சட்டென நின்று, கண்ணுக்குத் தென்பட்டதைக் கொத்தும். உள்ளானோ, அலகு நுனியில் அமைந்த நுண்ணிய தொடுவுணர்ச்சியால், சேற்றினுள் மறைந்திருக்கும் புழுவைத் தடவியே கண்டுகொள்ளும்.

காலை வேளையே பார்வைக்கு ஏற்றது. வெயில் ஏறினால் கானல் எழுந்து உருவம் கலங்கும். நெடும்பயணத்தால் மெலிந்து வந்த பறவைகள், உடல் தேறவும் புதுச் சிறகு முளைக்கவும் இடைவிடாது உண்ண வேண்டியிருத்தலின், அவற்றை ஒருமுறை எழுப்பிவிடுவதும் அவற்றிற்கு நஷ்டமே. ஆதலால் காண வருவோர் தொலைவில் நின்று தொலைநோக்கியால் பார்க்க வேண்டும். மேய்ந்துகொண்டிருந்தவை தலைநிமிர்ந்து அசையாது நிற்குமாயின், அதற்கு மேல் ஓரடியும் வைக்காது அன்புகூர்ந்து பின்வாங்க வேண்டும்.