முட்டை சேர்ந்த அப்பமும் சேராத அப்பமும்

வியன்னா நகரின் கலை அருங்காட்சியகத்தில், பீட்டர் புரூகல் 1559ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியம் ஒன்று உள்ளது. ஊர்ச் சந்தைவெளியில் இரு உருவங்கள் போருக்கு நிற்கின்றன. ஒருபுறம் பீர்ப் பீப்பாயின் மேல் அமர்ந்த பருத்த மனிதன். அவன் ஆயுதம் பன்றித்தலை கோத்த இரும்புக் கம்பி. மறுபுறம் ஒரு துறவியும் ஒரு கன்னியரும் இழுக்கும் வண்டியில் மெலிந்து வற்றிய உருவம். அதன் ஆயுதம், நீண்ட மரத்துடுப்பின் மேல் கிடக்கும் இரண்டு மீன்கள். களியாட்டத்துக்கும் தவக்காலத்துக்கும் நடக்கும் போர் அது. பருத்த மனிதனின் பக்கம் தரையெங்கும் முட்டையோடுகள் சிதறிக் கிடக்கின்றன. சற்றுத் தள்ளி ஒரு பெண் தீயருகே அமர்ந்து அப்பம் சுடுகிறாள்.

ஏன் முட்டையோடுகள்? நம் பாட்டிமார் 'சுத்தபோசனம்' என்றும் 'ஒருசந்தி' என்றும் சொல்லக் கேட்டவர்களுக்குக்கூட இது உடனே விளங்குவதில்லை. சுத்தபோசனம் என்றால் இறைச்சியை விலக்குவது என்றே நாம் அறிந்திருக்கிறோம். இடைக்கால ஐரோப்பாவிலோ தவக்கால விலக்கு இறைச்சியோடு நிற்கவில்லை. இறைச்சி தரும் உயிர்களிடமிருந்தே முட்டையும் பாலும் கிடைப்பதால் அவையும் விலக்கப்பட்டன என்று புனித தாமஸ் அக்குவினாஸ் காரணம் கூறுகிறார். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அவ்வாறே. மனிதர் நோன்பு காக்கலாம், கோழிகள் காக்குமா? நாற்பது நாள் வைத்திருக்க முடியாத முட்டையையும் பாலையும் வெண்ணெயையும் திருநீற்றுப் புதனுக்கு முன்பே தீர்த்துவிட வேண்டியிருந்தது. மூன்றையும் கோதுமை மாவில் கலந்து சட்டியில் ஊற்றினால் கிடைப்பதே ஆங்கிலேயர் 'பான்கேக்' என்றழைக்கும் சட்டி அப்பம்.

நம் தோசை மாவிலோ ஆப்ப மாவிலோ முட்டைக்கும் பசும்பாலுக்கும் வேலையில்லை. பெரிய வெள்ளிக்கும் பாஸ்கா ஞாயிறுக்கும் அதே மாவுதான். அதனால்தான் நோன்புக்கு முந்திய நாளில் அப்பம் சுட்டுத் தீர்க்கும் அவசரம் நமக்கு அந்நியமாகத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் அந்தச் செவ்வாய்க்குரிய பெயரே பாவசங்கீர்த்தனத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. மக்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைக்க ஆலய மணி ஒலிக்கும். பக்கிங்காம்சயர் பகுதியிலுள்ள ஓல்னி என்னும் சிற்றூரில், 1445ஆம் ஆண்டு அப்பம் சுட்டுக்கொண்டிருந்த பெண்ணொருத்தி மணியோசை கேட்டுக் கையில் சட்டியோடே கோவிலுக்கு ஓடினாள் என்பது செவிவழிச் செய்தி. அதன் நினைவாக அவ்வூர்ப் பெண்கள் மேலங்கி கட்டி, தலையில் துணி சுற்றி, சட்டியில் அப்பத்தைத் தூக்கிப்போட்டுப் பிடித்து, ஏறக்குறைய 380 மீட்டர் தொலைவைக் கோவில்வரை ஓடுகிறார்கள். போர்க்காலத்தில் நின்றுபோன இந்த ஓட்டம் 1948இல் மீண்டும் தொடங்கியது. 1950 முதல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லிபரல் நகரப் பெண்களும் அதே நாளில் தம் ஊரில் ஓடி, யார் விரைந்தவர் என்று ஓல்னியோடு நேரத்தை ஒப்பிட்டு வருகின்றனர்.

இதில் என்னைச் சிந்திக்க வைப்பது ஓட்டமன்று, மணி. சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் ஆங்கிலேயரில் பெரும்பாலோர் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதை விட்டுவிட்டனர். முட்டை விலக்கும் தளர்ந்துபோயிற்று. ஆனாலும் பல ஊர்களில் மணி தொடர்ந்து ஒலித்தது. அதற்கு மக்கள் வைத்த பெயர் 'பான்கேக் மணி'. எதற்காக அடிக்கப்பட்டதோ அது மறைந்த பின்னும் மணி நிலைத்தது, அப்பத்தின் பெயரால்.

அந்த ஆங்கில அப்பம் மெல்லியது, மடித்துச் சுருட்டத்தக்கது. 1615இல் இல்லத்தரசிகளுக்கு நூல் எழுதிய ஜெர்வாஸ் மார்க்கம், மாவைப் பாலில் கரைப்பதைவிட ஓடும் நீரில் கரைப்பதே நல்லது என்றும், பால் சேர்ந்தால் மொறுமொறுப்பு வாராது என்றும் அறிவுறுத்துகிறார். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், ஜாதிபத்திரி எல்லாம் சேர்த்தார்கள். நெதர்லாந்தில் தட்டு நிறையும் அகலத்தில் ஒன்று. அதே நாட்டில், குழிகள் நிறைந்த இரும்புச் சட்டியில் வார்க்கும் பொஃபர்ட்யெஸ் என்னும் குட்டி அப்பம் மற்றொன்று. அச்சட்டியை நம் வீட்டில் கண்டால் குழிப்பணியாரக் கல் என்றே எடுத்து வைப்போம். அமெரிக்கர் அடுக்கி வைத்து உண்ணும் தடித்த அப்பம் காலத்தால் பிந்தியது. ஆப்பசோடா முதலிய பொருள்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடைச்சரக்கான பிறகே அது இப்படி உப்பியது. நோன்புக்கும் அதற்கும் உறவில்லை.

வெண்ணெய்க்கு வருவோம். தென் ஐரோப்பியருக்கு ஒலிவ எண்ணெய் இருந்தது. வெண்ணெய் விலக்கு அவர்களை வருத்தவில்லை. ஒலிவம் விளையாத வடநாட்டாருக்கோ அது பெருஞ்சுமை. அங்கே காணிக்கை செலுத்தி, தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண விதிவிலக்குப் பெறும் வழக்கம் பரவிற்று. பிரான்சின் ரூவான் பேராலயத்தில் 1485 முதல் எழுப்பப்பட்ட கோபுரம் அக்காணிக்கையால் உயர்ந்தது என்பர். அதன் பெயரே 'வெண்ணெய்க் கோபுரம்'. 1520இல் மார்ட்டின் லூத்தர் தொடுத்த கண்டனங்களில் இந்த வெண்ணெய் அனுமதிச் சீட்டும் ஒன்று. அவரோடு எல்லாவற்றிலும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் பணமுள்ளவன் சட்டப்படியே வெண்ணெய் உண்ண, இல்லாதவன் மட்டும் நோன்பிருந்தான் என்பதைக் கத்தோலிக்கராகிய நாம் மூடி மறைப்பதில் பயனில்லை.

ரூவானுக்கு மேற்கே, பிரித்தானி என்னும் கடலோர நிலப்பகுதி. அதன் வளமற்ற மண்ணில் ஏழைகள் விளைவித்தது பக்வீட். பெயரில் கோதுமை ஒட்டியிருந்தாலும் அது கோதுமை இனமன்று. அதன் மாவில் கோதுமைக்குரிய பசைத்தன்மை இல்லாததால் உப்பிய ரொட்டியாக எழும்பாது. ஆகவே நீரும் உப்பும் கலந்து கரைத்து, 'பிலிக்' என்னும் அகன்ற வார்ப்பிரும்புக் கல்லில் மரக்கோலால் மெல்லப் பரப்பிச் சுட்டார்கள். அப்பம் அகலமானது ஆடம்பரத்தாலன்று. தடிப்பாக எழும்பாத மாவு அகலத்தான் வேண்டும். முட்டையும் வெண்ணெயும் மேலே வைத்தால் விழா உணவு, வைக்காவிட்டால் நோன்பு உணவு. கோதுமை மாவில் முட்டையும் பாலும் சேர்த்துச் சுடும் மென்மையான கிரேப், பிரான்சில் பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக்கிய மெழுகுதிரித் திருநாளுக்கு உரியது. ஒரு கையில் நாணயத்தைப் பற்றிக்கொண்டு மறு கையால் அப்பத்தைத் தூக்கிப்போட்டுப் பிடித்தால் ஆண்டு முழுதும் பணத்துக்குக் குறைவிராது என்பது நம்பிக்கை.

உருசியரின் பிளினி, புளிக்க வைத்த மாவில் சுடும் சிறு வட்ட அப்பம். தவக்காலத்துக்கு முந்திய வாரம் முழுதும் அவர்களுக்கு இறைச்சி இல்லை. முட்டை, பால், வெண்ணெய் உண்டு. அவ்வாரத்தில் வெண்ணெயில் தோய்த்துத் தோய்த்து உண்கிறார்கள். அதன் வட்டம் ஞாயிற்றின் சின்னம் என்று சொல்வோர் பலர். வட்டச் சட்டியில் ஊற்றியது வட்டமாகத்தானே வரும் என்பது என் எண்ணம். வாரம் முடியும் ஞாயிறன்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார்கள். அதே பிளினியை இறந்தோர் நினைவு விருந்திலும் படைக்கிறார்கள்.

நம் திருச்சபையில் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, சுத்தபோசனம் முட்டையையும் பால் பொருள்களையும் தடுப்பதில்லை என்று வெளிப்படையாகவே கூறிற்று. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒருசந்திக் கடமையைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என இரண்டு நாளாகக் குறைத்தார். பலவீனர் மீது சுமை ஏற்றாத நல்ல மாற்றமே. ஆனால் நோன்பு சுருங்கிய அளவுக்கு, அதன் முந்திய நாள் விருந்து எங்கும் சுருங்கவில்லை.

எத்தியோப்பியாவில் இதற்கு நேர்மாறு. அங்கே நோன்பு சுருங்கவேயில்லை. அந்நாட்டுத் தொன்மையான திருச்சபையார் புதன், வெள்ளிகளிலும், 55 நாள் நீளும் பெரும் தவக்காலத்திலும் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடுவதில்லை. அவர்களுடைய அப்பம் இன்ஜெரா. கடுகினும் சிறிய டெஃப் தானியத்தின் மாவை நீரில் கரைத்துச் சில நாள் புளிக்க வைத்து, அகன்ற மண்கல்லில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுழற்றி ஊற்றி மூடுகிறார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேற்புறமெங்கும் கண்கள் திறந்துகொள்ளும். அரை மீட்டர் அகலமுள்ள அது, ஒருவருக்கன்று, ஒரு குடும்பத்துக்கே தட்டு. அதன் மேல் குழம்பை ஊற்றிச் சுற்றி அமர்ந்து கிள்ளி உண்கிறார்கள். அன்பு மிகுந்தவர் தம் கையாலேயே அடுத்தவர் வாயில் ஊட்டுகிறார்.

நோன்பு நாள்களில் அந்த இன்ஜெராவின் மேல் பருப்பும் கீரையும். பாஸ்கா இரவின் நீண்ட வழிபாடு முடிந்து, விடியுமுன் வீடு திரும்புகிறார்கள். அதே மாவு, அதே கல், அதே அகலம். அதன் மேல் இப்போது காரமான கோழிக்குழம்பு. குழம்பின் நடுவே, 55 நாளுக்குப் பிறகு, அவித்த முட்டைகள்.