மாண்டலே வில்லாவின் விருந்தும் ஒரு பெண்ணின் பெயரும்



"டீச்சர், பார்ட்டி குடுத்தவங்களுக்கெல்லாம் வரலாறா?"

உயர்நிலை நான்கு வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது. 'நம் நாட்டை உருவாக்கிய பெண்கள்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். முப்பது தாள்களிலும் அதே மூன்று நான்கு பெயர்கள்தான். சலித்துப்போய், 'லீ சூன் குவானின் மனைவி' என்று குறிப்பிடப்படும் ஒரு பெண்ணின் பெயரைப் பலகையில் எழுதினேன். பணக்காரர், அலங்காரத்துக்கும் விருந்துக்கும் பேர்போனவர் என்றேன். உடனே வந்தது அந்தக் கேள்வி. வகுப்பே சிரித்தது. எனக்கோ பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

யார் இவர்?

இவருடைய சொந்தப் பெயர் டான் டெக் நியோ. 'நியோ' என்பது பெரனாக்கான் பெண்களின் பெயரில் வழக்கமாக வரும் சொல். 1877-இல் பிறந்து 1978-இல் மறைந்தார். ஒரு நூற்றாண்டு வாழ்ந்தவர். அவர் பிறந்த அதே 1877-இல்தான் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அந்தக் கன்றுகளின் வழிவந்த தோட்டங்களில் பால் வெட்டத்தான் நம் முன்னோர் பல்லாயிரம் பேர் தமிழகத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். இந்த ஒற்றுமையை மனசுல வச்சுக்குங்க, பிறகு தேவைப்படும்.

தந்தை டான் கியோங் சைக், கப்பல் தொழிலில் பெயர் பெற்றவர். சைனாடவுனில் இருக்கும் கியோங் சைக் சாலை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கணவர் லீ சூன் குவான், வணிகர் லீ செங் யானின் மகன். 1912-இல் தொடங்கிய சீன வணிக வங்கியின் நிறுவனர்களில் ஒருவர். அந்த வங்கி 1932-இல் வேறு இரு வங்கிகளோடு இணைந்துதான் இன்றைய ஓசிபிசி வங்கி ஆனது. அப்பா பெயரில் சாலை இருக்கிறது, கணவர் பெயர் வங்கி வரலாற்றில் இருக்கிறது. மகளின் பெயரோ பெரும்பாலும் 'திருமதி லீ சூன் குவான்' என்றே அச்சாகியிருக்கிறது.

விருந்தும் உடையும்

காத்தோங்கில் ஆம்பர் சாலையில், கடலைப் பார்த்தபடி இருந்தது அவர்களது மாண்டலே வில்லா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மாளிகை. அங்கே நடந்த பிறந்தநாள் விருந்துகள் ஊர் முழுக்கப் பேசப்பட்டன. ஆங்கிலேய அதிகாரிகள், சீன வணிகர்கள், மலாய் அரச குடும்பத்தினர் எல்லாரும் வந்து போனார்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் ஐரோப்பியர்களுக்கென்று தனி மன்றங்கள் இருந்தன. ஆசியர்கள் அவற்றில் உறுப்பினராக முடியாது. அப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆசியப் பெண் தன் வீட்டுக் கதவைத் திறந்து, ஆளும் வர்க்கத்தைத் தன் விருந்தாளியாக உட்கார வைத்தார். இதைச் 'சும்மா பார்ட்டி' என்று தள்ளிவிட முடியுமா?

உடையையும் அப்படித்தான் படிக்க வேண்டும். சரோங், நீண்ட மேற்சட்டை, அதைப் பூட்டும் கெரோசாங் என்ற மூன்று ஊசிகள், கொண்டையில் குத்தும் ஊசிகள், எல்லாவற்றிலும் வைரம். பெரனாக்கான் நகைகளைச் செய்தவர்களில் சீனக் கைவினைஞர்கள் மட்டுமல்ல, இந்தியர்களும் சிங்களவர்களும் இருந்தார்கள். சாவகத்து பாத்திக் துணி பெயர் பெறுவதற்கு முன்னும் பின்னும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சாயத் துணிகளை இந்தத் தீவுகளின் பெண்கள் விரும்பி உடுத்தினார்கள். மலாக்காவின் செட்டி சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள், சைவ வழிபாட்டை விடாதவர்கள். அந்த வீட்டுப் பெண்கள் உடுத்துவதும் இதே சரோங் கெபாயாதான், பூட்டுவதும் இதே கெரோசாங்தான். ஆகவே டெக் நியோவின் அலங்காரம் நமக்கு அந்நியமானதல்ல, அதில் நம் கரையின் நூலும் இருக்கிறது.

1915: ஓர் ஆண்டு, இரண்டு காட்சிகள்

இனி நம் மாணவரின் கேள்விக்கு நேராக வருவோம்.

1915-இல் சீன மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் முதன்மையானவர் டெக் நியோ. டாக்டர் லிம் பூன் கெங்கின் மனைவியும் அவருடன் நின்றார். வசதியான வீட்டுப் பெண்கள்கூட அதிகம் வெளியே வராத காலம் அது. அவர்கள் ஒன்றுகூடவும், தையல், பூவேலை, சமையல் கற்கவும், பொதுப்பணிக்கு நிதி திரட்டவும் சங்கம் இடம் கொடுத்தது. அதே சங்கம் இன்றும் இயங்குகிறது, 2015-இல் நூற்றாண்டு கண்டது.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. டெக் நியோ போர் நிதிக்கும் காயமடைந்தோருக்கும் தாராளமாக உதவினார். அதற்காக 1918-இல் எம்பிஇ விருது பெற்றார். சிங்கப்பூரில் அந்த விருதைப் பெற்ற முதல் சீனப் பெண் அவர்தான். அந்த விருது வரிசையையே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதற்கு முந்தைய ஆண்டு, 1917-இல்தான் ஏற்படுத்தியிருந்தார்.

இது ஒரு காட்சி. இன்னொன்றும் அதே 1915-இல் நடந்தது. பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. அலெக்சாண்டிரா முகாமில் இருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டதும் 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு ஊட்ரம் சிறைச்சாலைக்கு வெளியே, பொதுமக்கள் கண்ணெதிரே தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன் பின் சிங்கப்பூரில் இருந்த இந்தியர்கள் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. படையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, சிராங்கூன் சாலையில் மாடு வளர்த்தவரும் கடை வைத்திருந்தவரும்கூடச் சந்தேகத்துக்கு ஆளானார்கள்.

ஒரே ஆண்டு, ஒரே தீவு. ஒரு சமூகத்தின் செல்வர்கள் பேரரசுக்கு நன்கொடை கொடுத்து மதிப்பைப் பெறுகிறார்கள். இன்னொரு சமூகம் தான் விசுவாசி என்று நிரூபிக்க வரிசையில் நிற்கிறது. டெக் நியோவின் கொடையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. பேரரசின் ஆட்சியில் கொடை என்பது கருணை மட்டுமில்லை, அது ஒரு பாதுகாப்பும்கூட. இதைப் புரிந்துகொண்டால்தான் அவர் வாழ்க்கை வரலாறாகும். இல்லையென்றால் அது வெறும் புகழ்மாலை.

சாங்கிக்குச் செல்லும் சாலை

நான் சாங்கியில் குடியிருக்கிறேன். வார இறுதியில் கிழக்குக் கடற்கரையோரம் நடப்பதுண்டு. மாண்டலே வில்லாவின் வாசலில் அலையடித்த கடல் இன்று அங்கே இல்லை. 1966-இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புக்குப் பிறகு அது தள்ளிப்போய்விட்டது. மாளிகையும் 1980களில் இடிக்கப்பட்டது. அதே காலத்தில்தான், 1981-இல், மீட்கப்பட்ட நிலத்தில் சாங்கி விமான நிலையம் திறந்தது.

காத்தோங்கிலிருந்து சாங்கி வரைக்கும் இன்னொரு நடையும் உண்டு. 1942 மார்ச் 8. ஜப்பானியர் காத்தோங்கில் அடைத்து வைத்திருந்த சுமார் 400 ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் வெயிலில் சாங்கி சிறைச்சாலை வரை நடத்திச் செல்லப்பட்டார்கள். அதுவரை நடனம், விருந்து, பணியாட்கள் என்று வாழ்ந்தவர்கள் அவர்களில் பலர். சிறைக்குள் அவர்கள் ஊசியும் நூலும் எடுத்து மூன்று ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். பெண்கள் தங்கள் பெயரைப் பூவேலையாகத் தைத்தார்கள். பிரிக்கப்பட்டிருந்த கணவருக்கு 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்ல அந்தப் பெயரே போதுமாக இருந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. சீன மாதர் சங்கத்தில் கற்ற பூவேலையும் சாங்கி சிறையில் தைத்த பூவேலையும் 'பொம்பளைங்க வேலை' என்று ஒதுக்கப்பட்டவைதான். ஆனால் ஒன்று பெண்களை வீட்டுக்கு வெளியே கூட்டி வந்தது. மற்றொன்று சிறைச்சுவரைத் தாண்டிச் சேதி சொன்னது.

அந்த மாணவருக்கு என் பதில்

தம்பி, விருந்து கொடுத்ததற்காக யாரும் வரலாற்றில் இடம்பிடிப்பதில்லை. அந்த விருந்தில் யார் உட்கார முடிந்தது, யார் பரிமாறினார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யார் பெயர் அச்சானது என்று நாம் கேட்கும்போதுதான் விருந்து வரலாறாகிறது. டெக் நியோவின் நகையையும் உடையையும் பற்றிச் சொல்லப் படங்களும் செய்தித்தாள்களும் இருக்கின்றன. 1877-இல் வந்த கன்றுகளின் பால் வெட்டிய நம் பாட்டிமாரைப் பற்றி அவ்வளவு இல்லை. தமிழ் முரசே 1935-இல்தான் தொடங்கியது. ஆகவே பணக்காரப் பெண்ணின் கதையை ஒதுக்கிவிடுவதால் ஏழைப் பெண்ணின் கதை கிடைத்துவிடாது. இருக்கிற ஆதாரத்தை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தால், இல்லாத ஆதாரத்தைத் தேடவும் தெரியும். உங்க வீட்டுப் பாட்டியிடம் இன்றே பேசுங்கள், எழுதி வையுங்கள்.

வகுப்பில் பயன்படுத்த

1. டான் டெக் நியோவைக் கணவர் பெயரால் மட்டும் குறிப்பிடும்போது நாம் எதை இழக்கிறோம்?
2. 1915-இன் இரண்டு நிகழ்வுகளையும் ஒப்பிட்டு, 'விசுவாசம்' என்ற சொல் இரு சமூகங்களுக்கும் என்ன பொருள் தந்தது என விளக்குக.
3. உடையும் நகையும் வரலாற்று ஆதாரமாகுமா? உங்கள் வீட்டிலுள்ள ஒரு பழைய நகையையோ புடவையையோ வைத்து 150 சொற்களில் எழுதுக.
4. 'செல்வமும் பொதுப்பணியும்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதுக. புகழ்வது மட்டும் போதாது, ஒரு கேள்வியாவது எழுப்புங்கள்.

ஆசிரியர்களே, நான்காவது கேள்விக்கு மதிப்பெண் போடும்போது, கேள்வி எழுப்பிய பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுங்கள். அன்று சிரிப்புக்கிடையே கேள்வி கேட்ட அந்த மாணவருக்கு நானும் போட்டிருக்க வேண்டும்.